கறுப்புக்கு மூன்று வழி

செல்போனை அணைத்து, நடுவர் நீட்டிய பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுவிட்டு, எட்டாம் எண் டோக்கனை வாங்கிக்கொண்டார் கண்ணாடிக்காரர்.

ஆட்டம் முடிந்து டோக்கனைத் திருப்பிக் கொடுத்தால்தான் போன் கைக்கு வரும். செஸ் மன்றத்தில் இந்த விஷயத்தில் தயவு தாட்சண்யம் கிடையாது, எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் சரி.

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர் அவர். அவருக்கே கண்ணாடி தேவைப்படவில்லை என்பது மன்றத்தின் பழைய கிண்டல். ஒரு வருஷமாக அதை யாரும் சொல்வதில்லை.

சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தை மூன்றாவது முறையாகப் பார்த்தார். நாலாம் மேஜை. வெள்ளை, டாக்டர். கறுப்பு, அவர்.

சீட்டுக் குலுக்கியவன் கையை ஒடிக்க வேண்டும் போலிருந்தது.

காலையில் கிளம்பும்போதே மச்சினி போன் செய்தாள். அக்காவின் கடைசி மூச்சு வரை ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே நின்றவள்.

"அந்த ஆளும் அங்க வருவான்ல மாமா? அவன் மூஞ்சில எப்படி முழிப்பீங்க?"

அவள் கேட்டதில் தப்பில்லை. போன வருஷம் இதே போட்டி நாளில் டாக்டரின் போன் இதே பெட்டிக்குள் அணைந்து கிடந்தது. இன்னும் பத்து நாள் ஆகும், கவலைப்படாதீர்கள் என்று அவரே சொல்லிவிட்டு வந்த பிரசவம். அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் கத்தி பிடிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பன்னிரண்டு பத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் ஓடிவந்து சேர்ந்தபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

கண்ணாடிக்காரரும் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரசவம் பார்ப்பது புருஷன் வேலையில்லையே.

மச்சினி மனு எழுதினாள். உயிரைவிட ஆட்டம் பெரிதாகப் போய்விட்டது என்று அதில் ஒரு வரி. கண்ணாடிக்காரர் அடியில் கையெழுத்துப் போட்டார். பேனா தடங்கலில்லாமல் எழுதியது.

டாக்டருக்கு ஆறு மாதம் வேலையில்லை. ஆட்டம் இழுத்துவிட்டது என்பதற்கு மேல் விசாரணையில் அவர் வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் ராஜாவுக்கு முன்னாலிருக்கும் சிப்பாயைத்தான் இரண்டு கட்டம் தள்ளுவார். மன்றத்துப் பூனைக்கும் அது தெரியும். கறுப்பு அதற்கு என்ன பதில் வைப்பது? மூன்று வழி உண்டு.

சிசிலியன் என்றால் வெட்டு குத்துதான். ஒன்றரை மணி நேரத்தில் யாராவது ஒருவர் காலி. மச்சினிக்கு செஸ் தெரிந்திருந்தால் அதைத்தான் ஆடச் சொல்வாள்.

காரோ-கான் பத்திரமான ஆட்டம். கதவையெல்லாம் சாத்திவிட்டு உட்காரலாம். குடும்பஸ்தர்களுக்கு ஏற்றது. இனி அவருக்கு அது எதற்கு?

மூன்றாவது பிரெஞ்ச். பதினெட்டு வருஷமாக அவர் ஆடிய ஆட்டம். நடுவில் சிப்பாய்கள் முட்டிக்கொண்டு நிற்க, கறுப்பின் ஒரு பிஷப் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். அது வெளியே வருகிற வரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டும். நாலு மணி நேரமும் ஆகும், ஐந்தும் ஆகும். போன வருஷத்தோடு அதைத் தலைமுழுகியாயிற்று.

சிசிலியன்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு நாலாம் மேஜைக்குப் போனார்.

டாக்டர் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். மனிதர் பாதியாக இளைத்திருந்தார். கை கொடுத்துக்கொண்டார்கள். இரண்டு கைகளிலும் வியர்வை. பக்கத்து மேஜைக்காரர்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி தங்கள் காய்களை நேராக்கிக்கொண்டிருந்தார்கள்.

கடிகாரம் ஓடத் தொடங்கியது. ராஜா சிப்பாய், இரண்டு கட்டம்.

கண்ணாடிக்காரர் கையை நீட்டினார். மனசு சிசிலியன் என்றது. கை அதன் பாட்டுக்குப் போய் ராஜா சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தியது.

பிரெஞ்ச்.

தொட்ட காயை மாற்ற முடியாது. கடிகாரத்தை அழுத்தினார்.

டாக்டர் அந்தச் சிப்பாயையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ராணி சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். கடிகாரத்தை அழுத்தாமல், தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"டிரா வெச்சுக்கலாமா?"

போன வருஷமும் அவர் இதே வார்த்தைகளில்தான் கேட்டார். இதே மேஜை. இதே பிரெஞ்ச். இருபத்திரண்டாவது நகர்வு, மணி பதினொன்றே முக்கால்.

சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பன்னிரண்டுக்குள் இரண்டு பேர் கையிலும் போன் இருந்திருக்கும்.

ஆனால் அப்போதுதான் அந்த பிஷப் வெளியே வந்திருந்தது. டாக்டரை ஒரு தடவைகூட ஜெயித்திராத கண்ணாடிக்காரர், வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

ஜெயித்தார். அப்போது மணி மூன்றேகால்.

எதிரில் உட்கார்ந்து ஆடியது யார் என்று விசாரணையில் யாரும் கேட்கவில்லை. டாக்டரும் சொல்லவில்லை.