கனநீர்

மங்களேஸ்வரி ஏழு வருஷம் பாடுபட்டுச் சேர்த்தது ஒரே ஒரு பாட்டில் நீர். தண்ணீரில் பல ஆயிரத்தில் ஒரு பங்காக ஒளிந்திருக்கும் கனமான ஹைட்ரஜனைத் திரட்டி எடுத்த கனநீர் அது. ஆனால் நிறமோ மணமோ அதைக் காட்டிக்கொடுக்காது. அவளுடைய ஆய்வகத்தை மூடிவிடலாமா என்று பார்க்க வந்த குழுவின் தலைவர் திருமேனிநாதன், பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டிச் சிரித்தார்.

"ஏம்மா, இது குழாய்த் தண்ணிதானே?"

அவளுக்கு முகம் சிவந்தது. விறுவிறுவென்று உள்ளே போய், அந்த நீரில் கொஞ்சத்தை உறையவைத்து எடுத்த பனிக்கட்டிகளைக் கிண்ணத்தோடு கொண்டுவந்தாள்.

"நீங்க குடிக்கிற தண்ணியிலேயே போடறேன் சார்."

ஒன்றைப் போட்டாள். பனிக்கட்டி மிதக்கவில்லை. அவசரமே இல்லாமல் இறங்கி, டம்ளரின் அடியில் போய் உட்கார்ந்தது.

திருமேனிநாதன் ஸ்பூனால் அதை மேலே தூக்கிவிட்டார். மறுபடியும் இறங்கியது. இன்னொரு முறை தூக்கினார். அப்போதும் இறங்கியது. மங்களேஸ்வரிக்குச் சிரிப்புப் பொங்கிக்கொண்டு வந்தது. அடக்க முயலாமல் வாய்விட்டே சிரித்தாள்.

அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள், குழுவிலிருந்த மற்ற நான்கு பேரும் தங்கள் டம்ளர்களை அவள் பக்கம் நகர்த்தியிருந்தார்கள்.