காற்று அழும் வரி

பக்கத்து அறையிலிருந்து அழுகுரல் கேட்டதும் வகுப்பு வெலவெலத்துப் போனது. புதிதாக வந்த ஆசிரியைக்கு மட்டும் உள்ளுக்குள் சிரிப்பு.

ஏற்பாடு அவளுடையதுதான். பாடம், பழங்காலத்துப் பேய்க் கவிதை: பாழடைந்த மாளிகை, செத்துப்போன மணப்பெண். ‘சன்னலில் காற்று அழுகிறது’ என்ற வரி வந்ததும், மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று, இதே பள்ளியில் வேலை பார்க்கும் தோழி அழ வேண்டும். தடுப்பைத் தட்டினால் இன்னும் சத்தமாக.

தோழி கொஞ்சம் முந்திக்கொண்டாள். பரவாயில்லை. கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை உட்கார்ந்திருந்தார். இந்த ஒரு வகுப்பில் தேறினால்தான் வேலை.

“காத்து அழுமா?” என்றாள் ஆசிரியை.

“பக்கத்து ரூம் காத்து அழுது மிஸ்!” என்றான் வகுப்பின் வாயாடி.

“அழறது காத்து இல்லடா. கவிஞர் தன் மனசுல இருக்கறதைக் காத்து மேல ஏத்திச் சொல்றார். அதுக்குப் பேருதான் தற்குறிப்பேற்றம்.”

பலகையில் எழுதினாள்: விசும்பல், தேம்பல், கேவல்.

“காதைத் தீட்டிக்கிட்டுக் கேளுங்க. இது எது?” தடுப்பை ஓங்கித் தட்டினாள்.

அழுகை சட்டென்று அமுங்கியது. மூச்சு மட்டும் இழுத்து இழுத்து வெட்டியது.

“கேவல்!” என்று வகுப்பே கத்தியது. வாயாடி எழுந்து அதேபோல் கேவிக் காட்டினான். ஒரே கைதட்டல். தலைமையாசிரியை மட்டும் சிரிக்காமல் குனிந்துகொண்டார்.

மணி அடித்தது. “நாளைலேருந்து வந்துடுங்க” என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே அவர் வெளியேறினார்.

தோழியைக் கட்டிக்கொள்ள அவள் பக்கத்து அறைக்கு ஓடினாள். கதவில் கை வைத்தபோது, படிக்கட்டில் மூச்சிரைக்க ஏறி வந்தாள் தோழி.

“கோவிச்சுக்காதடீ. லேப்ல மாட்டிக்கிட்டேன். கிளாஸ் முடிஞ்சிடுச்சா?”

கதவு அதற்குள் திறந்துவிட்டது. நேற்றுவரை இந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் எடுத்தவர், இன்று காலை வேலையை விட்டு அனுப்பப்பட்டவர், தன் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார். முகம் வீங்கியிருந்தது. கைக்குட்டை நனைந்து கிடந்தது.

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

அதற்குள் பேசியது அந்த அம்மாள்தான்.

“நீங்க தட்டினதுமே வாயைப் பொத்திக்கிட்டேம்மா. அப்புறமும் பிள்ளைங்களுக்குக் கேட்டுச்சா?”