பத்து நிமிடப் பொத்தான்

மைத்துனன் உள்ளே நுழைந்தபோது, அத்தான் சமையலறையில் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏர் ஃபிரையரைத் தடவிக்கொண்டிருந்தார். அதன் திருகு குமிழ்களைச் சுற்றி, நூற்றெண்பது டிகிரிக்கு நேரே ஒன்றும் பத்து நிமிடத்துக்கு நேரே ஒன்றுமாகச் சட்டைப் பொத்தான்கள் ஒட்டியிருந்தன.

"என்ன அத்தான் இது?"

"சிக்கன் சாசேஜ். பாதி வெந்தாச்சு, திருப்பிப் போடணும். பேசாம இரு."

கூடையை இழுத்து, இடுக்கியால் ஒவ்வொன்றாகத் தேடிப் புரட்டினார். விரலைச் சுட்டுக்கொண்டபோதும் கண்ணைத் திறக்கவில்லை.

மைத்துனனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வாரம் இவரைக் கண் ஆஸ்பத்திரி வாசலில் பார்த்ததாக யாரோ சொன்னார்களே!

"டாக்டர் என்ன சொன்னார் அத்தான்? மறைக்காதீங்க."

"பார்வை ஒரு வருஷம் தாங்கினா பெரிசாம்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீயும் வாயைத் திறந்துடாதே."

அத்தான் கண்ணைத் திறந்தார்.

"என் கண்ணு நல்லாத்தான்டா இருக்கு. ரிப்போர்ட் உங்கக்காவோடது. சமைக்காம அவளால ஒரு நாள் இருக்க முடியுமா? அதான், எங்கெங்க கை சுடும்னு நான் முதல்ல பார்த்து வச்சுக்கறேன்."

பின்னால் காலடிச் சத்தம் கேட்டதும் இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். அக்கா வந்து கூடையிலிருந்து ஒரு சாசேஜை எடுத்துக் கடித்தாள்.

"இன்னும் கொஞ்சம் வேகணும். அந்தப் பத்து நிமிஷப் பொத்தானைத் தள்ளி ஒட்டியிருக்கீங்க" என்றாள். "ரெண்டு நாளா நானும் கண்ணை மூடிக்கிட்டுத் திருகிப் பார்க்கறேன், எட்டுலயே நின்னுடுது."