வர்ணம் பூசாத டவர்

“கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சுடுவோம்ணா. யாரும் கை வைக்க முடியாது. ஒரு கீறல்கூட விழாம மூணு மாசத்துல திருப்பிக் கொண்டாந்து குடுக்கறது என் பொறுப்பு” என்றாள் இளவரசி.

பஞ்சாட்சரம் நிமிரவில்லை. ஒரு மிக்ஸி பிளேடை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார்.

இளவரசி உத்திரமேரூரில் பள்ளி ஓவிய ஆசிரியை. போன மாதம் சாலவாக்கம் போகிற வழியில் ஸ்கூட்டி பஞ்சராகி இவர் கடையில் நின்றபோது, கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில் தண்ணீர் கேட்டுக் குடித்தாள். அப்போதுதான் அந்த அலமாரியைப் பார்த்தாள்.

சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பிகளில் ஒரு செல்போன் டவர். ஆயில் டின்னை வெட்டிச் செய்த குடிநீர்த் தொட்டி. ஓட்டைக் கரண்டியும் குழாய்த் துண்டும் சேர்ந்து, ஏரிக்கரையில் நிற்கிற சோலார் விளக்கு. எல்லாம் மடியில் வைத்துக்கொள்ளும் அளவு. இப்போது அவர் கையில் இருந்தது, வயலில் மருந்து அடிக்கிற ட்ரோன்.

“சென்னையில நடக்கற கண்காட்சிண்ணா. வேண்டாம்னு தூக்கிப் போட்ட பொருள்ல கலை செய்யறவங்க, மொத்தமே முப்பது பேர். உங்க பேரைக் குடுத்துட்டேன். நாளைக்குக் காலைல வேன் வருது.”

“பேரு போனா போவட்டும் டீச்சரம்மா. பொருளு வராது.”

வாசற்படி ஓரமாக உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி செல்லாயி குறுக்கிட்டாள்.

“குட்த்து அனுப்பேன் மாமா. அந்தப் பொண்ணு எவ்ளோ நேரமா கெஞ்சிக்கினு கீது. பேப்பர்ல உன் போட்டா வரும்ல?”

“நீ சும்மா கெட. மூணு மாசம் அலமாரி காலியா கெடந்தா நீ இன்னா பண்ணுவ?”

“இன்னா பண்ணுவேன், கடலை உரிப்பேன்.” சிரித்தாள். “டீச்சருக்கு மொதல்ல டீ போட்டுக் குடு, போ.”

பஞ்சாட்சரமே எழுந்து போய் டீ போட்டு வந்தார். டம்ளரை வாங்கிக்கொண்ட இளவரசி மறுபடி ஆரம்பித்தாள்.

“சரி, டவரை மட்டுமாவது குடுங்கண்ணா. சிவப்பும் வெள்ளையுமா பெயின்ட் அடிச்சா அவ்ளோ எடுப்பா இருக்கும். நானே அடிச்சுத் தரேன்.”

“பெயின்ட்டா? அதுல ஒண்ணும் இல்லம்மா.”

“பின்ன எதுலதான் இருக்கு?”

அவர் பிளேடின் ஓரத்தைத் தன் கன்னத்தில் மெல்ல இழைத்துப் பார்த்தார். திருப்தி இல்லை. மறுபடி ராவினார்.

இளவரசிக்குக் கோபம் வந்தது. தலைமை ஆசிரியரிடம் பேசி, மனுப் போட்டு, இரண்டு முறை காஞ்சிபுரம் அலைந்து வாங்கிய இடம் அது.

“ஊர்ல உங்களுக்கு இருக்கற கை வேற யாருக்கும் இல்லண்ணா. ஆனா, யாரும் தொடாம பத்திரமா வைக்கறோம்னு சொன்னாலும் மாட்டேங்கறீங்க.”

“யாரும் தொடாம வைக்கறதுக்கு இத்த இன்னாத்துக்குமா செய்யணும்?”

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். கைப்பையை மாட்டியவள், வாசல் வரை போய்த் திரும்பினாள்.

“குடுக்க வேணாம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பெருமாள் கோயில் கோபுரம் பண்ணலாம். தேர் பண்ணலாம். யானை, மயில் எவ்ளோ கீது... இருக்கு. அதெல்லாம் விட்டுட்டு டவரும் தண்ணித் தொட்டியுமா பண்ணி வெச்சிருக்கீங்களே, ஏன்ணா?”

அந்த வீட்டுப் பேச்சு தன் வாயிலும் ஒட்டிக்கொண்டதில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. செல்லாயியும் சிரித்தாள்.

பஞ்சாட்சரம் கடைசி பிளேடைத் திருகி முடித்தார். இரும்புத் தூளை ஊதினார். துண்டால் அழுந்தத் துடைத்தார். பிறகு மனைவியின் எதிரில் குந்தி உட்கார்ந்து, கடலைத் தோல் ஒட்டிய அவள் கைகளைத் தட்டிவிட்டு, ட்ரோனை அவள் மடியில் வைத்தார்.

அவள் விரல்கள் ஒவ்வோர் இறக்கையாக நிதானமாக ஊர்ந்தன.

“இதானா, நெதமும் தலைக்கு மேல கொய்ங்னு போவுதே, அது? ஆறு றெக்கையா மாமா!”

பஞ்சாட்சரம் இளவரசியை ஏறிட்டுப் பார்த்தார்.

“கோபுரம், தேரு எல்லாம் அவ பாத்துட்டாம்மா. எட்டு வருசம் முன்னாடி சர்க்கரை நோவுல ரெண்டு கண்ணும் போச்சு. அதுக்கு அப்பால ஊருக்குப் புதுசா வந்தத மட்டுந்தான் செஞ்சு காட்டிக்கினு கீறேன்.”