இரண்டு கேமராவும் ஒரு ஜன்னலும்

"எதிர்வீட்டு ஜன்னலைப் படம் புடிச்சு நெட்டுல போடுறியே, உனக்கே நல்லாயிருக்காடா?" போனில் அக்கா பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

"முகமே தெரியாதுக்கா. பெரியவர் ஒருத்தர். என்னை மாதிரி ஒண்டிக்கட்டை. மேசையில பேப்பரை விரிச்சுக் குனிஞ்சா அப்படி இப்படி அசைய மாட்டார். கேமராவைச் சோதிச்சுப் பார்க்க அவரை விட்டா ஆள் கிடையாது."

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா பேச்சு வளரும். அப்புறம் தினம் வந்து உட்கார்ந்துப்பார். எனக்கு எங்க நேரம்?"

நேரமெல்லாம் கொட்டிக் கிடந்தது. கேமராக்களை ஒப்பிட்டு எழுதுவது அவன் பிழைப்பு. படித்துவிட்டு நாலு பேர் பாராட்டினால்தான் அன்றைக்கு யாரோடோ பேசியதுபோல் இருக்கும். இதை அக்காவிடம் சொல்ல அவனுக்குக் கூச்சம்.

இந்த முறை பெரிய போட்டி. இரண்டு கம்பெனிகளின் புதுக் கேமராக்கள். ஒன்று திங்கட்கிழமையே வந்தது. மற்றது பார்சலில் தாமதமாகி வியாழக்கிழமைதான் கைக்குக் கிடைத்தது. நல்லவேளை, அதே காலை வெளிச்சம். பெரியவரும் அதே இடத்தில் குனிந்திருந்தார்.

இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கினான். முதல் படத்தில் பேப்பர் எழுத்துகளின் ஓரம் லேசாகப் பிசிறடித்தது. இரண்டாவதில் வெட்டி ஒட்டியதுபோல் சுத்தம். பெரியவரின் நரைமுடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். இரண்டாவதற்கே வெற்றி என்று எழுதிப் போட்டான்.

ஒரு மணி நேரத்தில் இருநூறு பேர் வந்துவிட்டார்கள். "உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது சார்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. சொல்லிக்கொள்ள வேறு ஆளில்லாமல் அக்காவைத்தான் கூப்பிட்டான்.

"படம் ரெண்டும் பார்த்தியாக்கா? எது நல்லாயிருக்கு?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

"கண்ணாடியைப் போட்டுப் பாரு. பேப்பர்ல தலைப்புச் செய்தியைப் படி, வித்தியாசம் தெரியும்."

அக்கா எழுத்துக்கூட்டிப் படித்தாள். முதல் படத்தை ஒருமுறை, இரண்டாவதை இன்னொரு முறை. பிறகு முதல் படத்தையே மறுபடியும் படித்தாள்.

"முதல் படம் திங்கக்கிழமை எடுத்ததா?"

"ஆமா."

"ரெண்டாவது?"

"இன்னிக்குக் காலையில. ஏன்க்கா?"

"அப்ப ஏன்டா அவர் இன்னிக்கும் திங்கக்கிழமை பேப்பர் மேலயே குனிஞ்சிருக்கார்?"