கைத்தட்டு அம்மாள்

செல்லோ வாத்தியத்தின் கடைசி நாதம் காற்றில் கரைந்து முடியவில்லை. அதற்குள் முன்வரிசை அம்மாள் வளையல் குலுங்கக் கைதட்டிவிட்டார். மேடையிலிருந்த நால்வரும் அடுத்த பகுதிக்கு உயர்த்திய வில்லை அந்தரத்தில் நிறுத்தி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர்.

கதவோரம் நின்றிருந்த இசைச் சங்கத்துச் செயலாளர், நடுவயதுப் பெண்மணி, கண்களை இறுக மூடிக்கொண்டார். இந்தப் பருவத்தில் ஒரு கச்சேரிகூட இந்த இடறலுக்குத் தப்பவில்லை.

ஓர் உருப்படி நான்கு பகுதிகளாக வரும். நான்கும் முடிந்த பின்னரே கைதட்ட வேண்டும் என்பது அங்கு வரும் அனைவரும் அறிந்த நெறி. அம்மாள் மட்டும் பகுதிக்குப் பகுதி தட்டினார். மரக்கூரை வேய்ந்த அந்தப் பழைய மண்டபம் வேறு, ஒருவர் தட்டும் ஓசையை இருவர் தட்டுவதாக இரட்டித்துக் காட்டியது.

அடுத்த நொடியே அம்மாளின் கையும் பக்கத்திலிருந்த பெரியவரின் கையும் பின்னிக்கொண்டன. மனைவியைப் பிடித்து அடக்குகிறார் என்று அரங்கமே அவருக்காக இரங்கியது.

இரங்காமல் என்ன செய்யும்? சங்கத்தை நிறுவியவரே அவர்தாம். நிகழ்ச்சிநிரல் ஒவ்வொன்றின் தலைப்பிலும் அவர் வாசகமே அச்சாகும்: 'பகுதிக்கும் பகுதிக்கும் இடைப்பட்ட மௌனமும் பாட்டே; அதைக் கலையாதீர்.' அந்த மௌனத்தில் சந்நிதியில் நிற்பவர்போல் உருகி நின்றவர் இப்போது யாரிடமும் வாய் திறப்பதில்லை. அவரிடம் கேட்டதற்கெல்லாம் அம்மாளே முந்திக்கொண்டு பதில் சொன்னார். வெட்கத்தில் குறுகிப்போய்விட்டார் மனிதர் என்றே செயலாளர் எண்ணினார்.

இடைவேளையில் பொருளாளர் காப்பியை ஆற்றிக்கொண்டே வந்தார். "விளக்குக்கு அடியிலதான் இருட்டுன்னு சும்மாவா சொன்னாங்க? இனிமே வயலின்காரர் மூக்கைச் சிந்தினாக்கூடத் தட்டுவாங்க பாருங்க."

பருவத்தின் நிறைவுக் கச்சேரி பெரியவருக்குச் செய்யும் சிறப்பு. வெளியூரிலிருந்து பேர்பெற்ற குழு வருகிறது, ஒலிப்பதிவும் உண்டு. அன்று மட்டுமாவது அம்மாள் வரக்கூடாது என்று நிர்வாகக் குழு முடிவுசெய்தது. பூனைக்கு மணி கட்டும் வேலை செயலாளர் தலையில் விழுந்தது.

கச்சேரிக்கு முந்தைய நாள் அவர் அம்மாளின் வீட்டுக்குப் போனபோது பெரியவர் கோட்டு அணிந்து, காலணியும் மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் அமர்ந்திருந்தார். நாளைக்கு உடுத்துவதை இன்றே உடுத்தி அழகு பார்க்கிறாரே, ஆசைக்கு வயதில்லை என்று செயலாளருக்குச் சிரிப்பு வந்தது.

சுற்றி வளைத்துத்தான் சொன்னார். ஒலிப்பதிவைச் சொன்னார், உறுப்பினர்களின் முணுமுணுப்பைச் சொன்னார். அம்மாள் சமையலறை வாசலில் ஈரக்கையைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாங்க ரெண்டு பேருமே வரலைன்னா?"

"அவருக்காக நடக்கிற கச்சேரிம்மா. அவர் இல்லாம எப்படி?"

"எனக்குச் சங்கீதம் தெரியாதுன்னு சொல்றாங்களா?"

செயலாளர் தலை குனிந்தார். "ஆமாம்மா."

அம்மாளின் முகத்தில் நிம்மதி போல ஏதோ ஒன்று வந்து மறைந்தது. "சொல்லட்டும்," என்றார்.

பிறகு ஜன்னல் பக்கம் வெகுநேரம் பார்த்தார்.

"காலையிலேருந்து அந்தக் கோட்டைக் கழட்ட மாட்டேங்கிறார். அவரைப் போக வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. நான் வரல, விடு. ஆனா ஒண்ணு செய்வியா கண்ணு? என் நாற்காலியில நீ உக்காந்து, அவர் கை ரெண்டையும் உன் கைக்குள்ள வெச்சுக்கோ. குளிர் அவருக்கு ஆகாது."

"கண்டிப்பாம்மா."

"ஆட்டம் முடியற வரைக்கும் விட்டுடாதே," என்றார். 'கச்சேரி' என்று உடனே திருத்திக்கொண்டார்.

மறுநாள் மண்டபம் நிரம்பி வழிந்தது. செயலாளர் பெரியவரைக் கைப்பிடித்து அழைத்துவந்து அமர்த்தி, அடுத்த நாற்காலியில் தம் சால்வையை இட்டு இடம் வைத்தார். அதற்குள் ஒலிப்பதிவாளர் கூப்பிட்டார். தாமதமாக வந்தவர்கள் வாசலில் நெருக்கினார்கள். அவர்களை உள்ளே விட்டுத் திரும்புவதற்குள் முதல் வில் தந்தியைத் தொட்டுவிட்டது. இனி நடந்தால் பலகைத் தரை முனகும். முதல் பகுதி முடியட்டும், போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்று கதவோரமே நின்றுவிட்டார்.

அப்படி ஒரு வாசிப்பு அந்த மண்டபம் கேட்டதில்லை. செல்லோ அழுதது, வயலின்கள் இரண்டும் அதைத் தேற்றுவதும், தேற்ற முடியாமல் தாமும் அழுவதுமாக இருந்தன. முதல் பகுதியின் கடைசி நாதம் தேய்ந்து, தேய்ந்து, மௌனமாயிற்று.

அந்த மௌனத்தில் கைதட்டல் கேட்டது.

அம்மாள் வாக்குத் தவறி வந்துவிட்டாரே என்று செயலாளருக்குக் கோபம் வந்தது. எட்டிப் பார்த்தார். நாற்காலியில் அவருடைய சால்வைதான் இருந்தது. வளையல் ஒலி இல்லை. கூரையும் இம்முறை ஓசையை இரட்டிக்கவில்லை.

பெரியவர் தட்டிக்கொண்டிருந்தார். தேர் பார்த்த குழந்தைபோல முகமெல்லாம் மலர, தன்னந்தனியாக, விடாமல் தட்டிக்கொண்டிருந்தார்.

அரங்கம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. பொருளாளரின் கையிலிருந்த நிகழ்ச்சிநிரல் நழுவித் தரையில் விழுந்தது. பலகை முனகுவதைப் பொருட்படுத்தாமல் செயலாளர் ஓடினார். ஓடிச் சேர்வதற்குள் அந்தக் கைகள் தளர்ந்து நின்றுவிட்டன.

பெரியவர் பக்கத்து நாற்காலியைத் தடவி, சால்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டார்:

"நீ ஏன் இன்னைக்கு என்கூடத் தட்டல?"