பத்தியச் சாப்பாடு

"டப்பாவைக் கீழே வை!"

"ஒரே ஒரு சிட்டிகை உப்பு. சப்புன்னு இருக்கு, தொண்டையில இறங்கவே..."

"கிடையாதுன்னா கிடையாது! மருந்துன்னு நினைச்சு முழுங்கு."

"இப்படியுமா ஒரு கல்நெஞ்சு!"

உப்பு டப்பாவை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு வந்து ஒரு வருஷமாகிறது. மகன் பல்கலைக்கழகத்தில் உணவியல் படிக்கிறான், கடைசி வருஷம். அம்மாவுக்கு நோய் வந்ததிலிருந்து சமையலறையில் அவன் வைத்ததுதான் சட்டம்.

இன்று ஜெயித்தது அம்மாதான். டப்பாவைப் பிடுங்கியவள், விறுவிறுவென்று போய் அதை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்!

பின்னே? ஒரு நோயாளியின் சாப்பாட்டை மகனே மூன்று நாள் சாப்பிட்டுக் காட்டினால்தான் செய்முறைத் தேர்வில் பாஸ் என்று பேராசிரியை சொல்லிவிட்டாள், மகராசி. ஏமாற்றாமல் சாப்பிட்டான் என்று கையெழுத்துப் போட வேண்டியது அம்மா. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"ம், சாப்பிடு கண்ணா! எல்லாம் நீ எனக்குச் சொல்ற அதே வசனம்தான்."

மகன் மூக்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு வாய் விழுங்கினான். தட்டையே பார்த்தான்.

"ஏம்மா... 'நல்லாத்தானே இருக்கு, சாப்பிடு'ன்னு இத்தனை நாளா உன்னை அதட்டினது நானா?"